குழாய் எடுத்த மறுநாள்

அத்தியாயம் 9

"என் எறாலை யாரு வெளிய எடுத்து வெச்சது?"

தஃபீதாவின் குரல் மூன்றாம் மாடிவரை ஏறியது. ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து பிடித்தபடி, திருட்டுப்போன வீட்டைப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அத்தை" என்றாள் இனாஸ். சமையலறை வாசலில் நின்று தலைத்துணிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். "மேல்தட்டு சமாஹ்வோட பாலுக்கு. மீன் கவிச்சி அதுகிட்ட வரக் கூடாது."

"இந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் ஆஸ்பத்திரிச் சட்டமா?"

"ஆமா. எறாலை இன்னைக்கே சமைச்சிடுங்க. வீணாப் போகாது."

ஃபிக்ரி தேநீர்க் குவளையை உதட்டிலிருந்து எடுக்காமல் சிரிப்பை அதற்குள்ளேயே விட்டான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடக்கும் வழக்கில் அவன் எந்தப் பக்கமும் சாட்சி சொல்வதில்லை. மேசை நாற்காலி செய்யும் கடையில் வார்னிஷ் அடிக்கிறவன். எது எப்போது காயும் என்று அவனுக்குத் தெரியும்.

சமாஹ் அறையிலிருந்து வெளியே வந்தாள். ஃபிக்ரியின் ஒரே தங்கை. இனாஸுக்கு நாத்தனார். கையில் சின்ன பாட்டில். அடிப்பாகத்தை மட்டும் நனைத்த அளவுக்குப் பால். இரவெல்லாம் எழுந்து எழுந்து பிழிந்தது அவ்வளவுதான்.

கடந்த சில வாரங்களில் நடந்தது தும்யாத் நகரில் அந்தத் தெருவுக்கே தெரியும். அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் சமாஹ்வுக்கு மாதம் நிறையுமுன்னே வலி கண்டது. ஒரு புறாவைவிடச் சற்றே பெரிதான பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு, இனாஸ் தலைமை நர்ஸாக இருக்கும் அதே சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. இத்தனை நாளாகத் தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரம்தான் அதற்காக மூச்சு விட்டது. நேற்று மாலை அந்தக் குழாயை எடுத்தார்கள். இனி அவளே விட வேண்டும். மூக்கில் மட்டும் காற்றைத் தள்ளும் சின்னக் குழாய் இருக்கிறது, துணைக்கு.

"இது போதுமா அண்ணி?" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள் சமாஹ்.

"அவ வயித்துக்கு இது விருந்து."

"இன்னைக்காவது உள்ள விடுவீங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் தும்மினாள். மூக்கு சிவந்திருந்தது. இனாஸ் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வெறும் ஜலதோஷம்தானே."

"உனக்கு ஜலதோஷம். அவளுக்கு அது வேற. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாரு."

"மத்த அம்மாவுக்கெல்லாம் இப்படித்தான் சொல்வீங்களா? இல்ல எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"மத்தவங்களா இருந்தா வராண்டாவுக்கே விட மாட்டேன்."

சமாஹ் பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மூடின சத்தத்தில் அவளுடைய மறுமொழி இருந்தது. ஆனாலும் வாயாலும் சொன்னாள்: "அண்ணியே அங்க இருக்காங்க. ஆனா என் புள்ளைய யாரோ ஒரு நிஸ்மா பாக்கறா. நல்லா இருக்கு."

ஃபிக்ரி குவளையைக் கீழே வைத்தான். "சமாஹ்."

"நான் என்ன தப்பா சொன்னேன்? கேட்டேன், அவ்வளவுதான்."

இருவருக்கும் இடையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் மகள் யும்னாவின் பிறந்தநாளுக்கு இனாஸ் டியூட்டி முடிந்து தாமதமாக வந்தபோது, வந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சமாஹ் சொன்னாள்: "அடுத்தவ புள்ளையத் தூக்கறதுக்காக எங்க அண்ணி சொந்தப் புள்ளையத் தரையில விட்டுட்டுப் போவாங்க." அன்றிலிருந்து அவர்கள் பேச்சு சோறு போடவா, போதும் என்ற அளவோடு நின்றிருந்தது.

இனாஸ் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

*

பிரிவுக்குள் நுழைந்ததும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவும்போதே வீடு தண்ணீரோடு போய்விடும். அப்படித்தான் இத்தனை வருடமும் போயிருக்கிறது.

இரவு நர்ஸ்கள் ஒவ்வொரு பெட்டியாக நின்று விவரம் சொல்லிக்கொடுத்தார்கள். யார் சிறுநீர் கழித்தது, யார் பாலைக் கக்கியது, யாருடைய தோல் மஞ்சள் ஏறுகிறது. ஜன்னலோரப் பெட்டிக்கு வந்தார்கள். 'சமாஹ்வின் மகள்' என்று மட்டும் அட்டையில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பெயர் வைப்பேன் என்று தஃபீதா உறுதியாக இருந்தாள்.

"ராத்திரி ரெண்டு தடவை மூச்சு விட மறந்தா. பாதத்தைச் சுண்டினதும் திரும்பிட்டா" என்றாள் இரவு நர்ஸ்.

"நிஸ்மா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன் மிஸ்."

இனாஸ் பெட்டிக்குள் பார்த்தாள். கம்பளிக் குல்லாய் கண்ணுக்கு மேல் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே ஃபிக்ரியின் மோவாய். அந்த மோவாயைப் பார்க்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள்.

அன்று இரண்டு நர்ஸ்கள் வரவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்தி மூன்று இரவுகள் தொடர்ந்து நின்றதில் முதுகு பிடித்துப் படுத்துவிட்டாள். அதனால் தலைமை வேலையோடு சேர்த்து, மிக மோசமாக இருந்த ஒரு குழந்தையையும் இனாஸே எடுத்துக்கொண்டாள். பக்கத்து ஊர் விவசாயி வீட்டுப் பையன். பிறந்து ஒரு நாள்தான். நிறைமாதம், நல்ல எடை, ஆனால் பிறக்கும்போதே தாய் வயிற்றுக்குள் இருந்த அழுக்கை நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்டவன். இயந்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வேலை ஓடியது. மருந்து கலப்பதும் ஊசிக்குழாயில் பாலை ஏற்றி அது தானாக இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்பதும் நகம் அளவு டயபர் மாற்றுவதுமாக. சமாஹ்வின் பாலை நிஸ்மா ஒரு பஞ்சில் தொட்டு அந்தச் சின்ன உதட்டில் தடவினாள். நாக்கு வெளியே வந்து தேடியது. அவளும் இனாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இந்த வேலையில் சம்பளம் இரண்டு விதமாக வரும். ஒன்று மாதக்கடைசியில். இன்னொன்று இப்படி.

முற்பகலில் விவசாயி வீட்டுப் பையனின் நிறம் மாறியது.

இனாஸ் அவன் நெஞ்சைப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியது. மறுபக்கம் பந்துபோல் உப்பி, அப்படியே நின்றது.

"டாக்டர் லமியா, இங்க வாங்க."

லமியா ஓடி வந்தாள். மெல்லிய ஒளிக்கருவியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததும் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு விளக்குபோல் எரிந்தது. நுரையீரல் ஓட்டையாகி வெளியே காற்று கசிந்து, நெஞ்சுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஊசி போட்டு காத்தை எடுக்கணும். இயந்திரத்தைக் கழட்டிட்டு நீ கையால மூச்சு குடு. மெதுவா, ஒரே அளவா."

இனாஸ் ரப்பர் பையைக் கையில் எடுத்தாள். விரல் நுனியால் அழுத்தினாள், விட்டாள். அதிகம் அழுத்தினால் இன்னும் கிழியும். குறைந்தால் போதாது. அந்தப் பையனின் உயிர் அப்போது அவளுடைய விரல் மூட்டுக்குள் இருந்தது.

லமியா ஊசியை எடுத்தாள். அந்த நொடியில் ஜன்னலோரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

அந்த அறையில் எத்தனையோ மணிகள் அடிக்கும். பால் முடிந்ததற்கு ஒன்று, கம்பி கழன்றதற்கு ஒன்று. இது அவற்றில் ஒன்றல்ல. மூச்சு நின்று இதயம் தளரும்போது அடிக்கும் மணி.

இனாஸ் திரும்பவில்லை.

நிஸ்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பெட்டியின் சின்னக் கதவு திறக்கும் சத்தம். "எழுந்திரு கண்ணு. மூச்சு விடு. விடும்மா" என்று நிஸ்மா முணுமுணுப்பது கேட்டது. மணி நிற்கவில்லை.

"நிஸ்மா?" கண்ணைப் பையனின் நெஞ்சிலிருந்து எடுக்காமல் கேட்டாள் இனாஸ்.

"முதுகைத் தேய்க்கிறேன் மிஸ்." கொஞ்ச நேரம். "வரல. மாஸ்க் போடறேன்."

"போடு."

அழுத்தினாள், விட்டாள். அழுத்தினாள், விட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய முதுகு முழுக்க அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது.

"இனாஸ், விட்டுடாத" என்றாள் லமியா, ஊசியை உள்ளே இறக்கியபடி.

"விடல டாக்டர்."

ஊசிக்குழாயில் காற்று வந்தது. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் சன்னமான சீறல். பையனின் நெஞ்சு இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறியது. உதட்டில் நீலம் வெளுத்து, சாம்பலாகி, பிறகு மெல்ல ரோஜா நிறத்துக்கு வந்தது.

அந்தப் பக்கம் மணி நின்றது.

"வந்துட்டா மிஸ்" என்றாள் நிஸ்மா. "தானா விடறா இப்ப."

அப்போதும் இனாஸ் திரும்பவில்லை. லமியா காற்றை வெளியே இழுக்கும் குழாயை நெஞ்சில் தைத்து முடித்து, இயந்திரத்தை மறுபடி மாட்டிய பிறகே கையை எடுத்தாள். விரல்களை மடக்கி நிமிர்த்தினாள். பிறகு திரும்பினாள்.

கண்ணாடிக்கு வெளியே சமாஹ் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

*

வராண்டாவில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சமாஹ்வின் கைக்குட்டை கசங்கி உருண்டையாக இருந்தது.

"என் புள்ள நீலமாப் போச்சு."

"தெரியும்."

"நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"பாக்கல."

இப்படி ஒரே வார்த்தையில் ஒப்புக்கொள்வாள் என்று சமாஹ் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இடம் மாறிப்போயின.

"எதிரி புள்ளையா இருந்தாக்கூட ஒரு தரம் திரும்பிப் பாப்பாங்க அண்ணி."

"பாத்திருந்தா என் கை நின்னிருக்கும். நின்னிருந்தா அந்தப் பையன் போயிருப்பான். அவனுக்கும் வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்கா, நீ வர்றப்ப பாத்திருப்ப."

பார்த்திருந்தாள் சமாஹ். வராண்டாக் கோடியில் கறுப்பு அங்கியில் தரையிலேயே உட்கார்ந்து, யாரையும் எதுவும் கேட்கத் தைரியமில்லாத ஒருத்தி.

"நிஸ்மா அங்க இருந்தா" என்றாள் இனாஸ். "அவ போதும்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு என்ன தெரியும்? மணி அடிக்குது. எல்லாரும் ஓடறாங்க. என் புள்ள செத்துப்போச்சுன்னே நெனச்சேன்."

இனாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே வருகிற ஒவ்வொரு தாயையும் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்வாள்: இந்தக் குழந்தைகளுக்கு மூளை இன்னும் முற்றவில்லை, அதனால் அவ்வப்போது மூச்சு விட மறந்துபோகும், மணி அடிக்கும், பயப்படாதே, நாங்கள் ஞாபகப்படுத்துவோம். யார் யாரோ தாய்மாருக்குச் சொன்னாள். வீட்டிலேயே இருக்கிற நாத்தனாருக்குச் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் இதுவும் விடுபட்டுப்போயிருந்தது.

"உக்காரு" என்றாள். "சொல்றேன்."

சொன்னாள். சமாஹ் நிறையக் கேள்வி கேட்டாள். எத்தனை நாளைக்கு இப்படி, வீட்டுக்கு வந்த பிறகும் மறக்குமா, மறந்தால் யார் மணி அடிப்பது. இனாஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

கடைசியில் சமாஹ் மெதுவாகக் கேட்டாள். "ஏன் அண்ணி அவளை நிஸ்மாகிட்ட குடுத்தீங்க? நான் அன்னைக்குப் பேசினதுக்காகவா?"

"பைத்தியமா நீ?"

"பின்ன?"

இனாஸ் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ பொறந்த அன்னைக்கு நான்தான் ஊசி போடப் போனேன். அவ கையில நரம்பு தேடினேன். என் அளவுக்குச் சின்ன நரம்பை இங்க யாரும் பிடிக்க மாட்டாங்க, எல்லாரும் கூப்பிடுவாங்க என்னை. அன்னைக்கு என் கை நடுங்குச்சு. இந்த வேலைக்கு வந்ததுலருந்து நடுங்கினதில்ல. டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன், இந்தப் புள்ளைக்கு நான் வேண்டாம்னு."

சமாஹ் அவளையே பார்த்தாள். "உங்களுக்கா? கை நடுங்குச்சா?"

"வெளிய சொல்லாத. பேரு கெட்டுடும்."

சமாஹ் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கசங்கின கைக்குட்டையை மடியில் வைத்து, ஓரம் ஓரமாக இழுத்து நீவிவிட்டாள். பிறகு, "அந்தப் பையன் பொழைச்சுட்டானா?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு. போய் அவன் அம்மாகிட்ட சொல்லணும். நீ வர்றியா?"

"நான் எதுக்கு?"

"நான் டாக்டர் மாதிரியே பேசுவேன். பக்கத்துல ஒரு பொம்பளை உக்காந்திருந்தா நல்லது. மூக்கை மூடிக்கோ."

சமாஹ் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

*

சமாஹ்வின் கணவன் ரகப் கடலிலிருந்து நேராக வந்தான்.

அவன் ஊரான இஸ்பத் அல் புர்ஜில் படகு கரை தொட்டதும் வலைகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு மைக்ரோபஸ்ஸைப் பிடித்து, கூடை நிறைய மீனோடு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினான். வராண்டா முழுக்க டீசலும் உப்பும் மணத்தது.

"நர்ஸ் பொண்ணுங்களுக்கு" என்று கூடையை நீட்டினான்.

"சமையக்கட்டுல குடுங்க. இங்க கொண்டு வராதீங்க" என்றாள் இனாஸ். "கடல்ல எப்படி இருந்தது?"

"கடலை விடுங்க அக்கா. குழாய் எடுத்துட்டாங்களாமே. விடறாளா?"

"விடறா. நடுவுல ஒரு தரம் மறந்தா."

சமாஹ் அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மணி அடித்தது, நீலமானது, அண்ணி திரும்பாதது. கடைசியதைச் சொன்னபோது அவள் குரலில் பழைய காரம் கொஞ்சம் திரும்பிவிட்டது.

ரகப் தலையைச் சொறிந்துகொண்டான். "போன குளிர்காலத்துல நம்ம ஃபத்ஹி கை கயித்துச் சுருள்ல மாட்டினப்ப நான் எங்க இருந்தேன்?"

"சுக்கான்ல."

"ஆத்து வாய்ல, அலையில. ஓடிப் போய் அவனைப் பிடிச்சேனா?"

"இல்ல."

"என் கூடப்பொறந்தவன்தானே. அன்னைக்கு நீ என்னை ஏன் ஓடலன்னு கேக்கலியே. நல்லவேளை சுக்கானை விடலன்னுதான் சொன்ன."

அவன் அவளுடைய தோளை ஒரு தட்டுத் தட்டினான். "நான் பாக்கலாமா அவளை?"

அப்போதுதான் லமியா வெளியே வந்தாள். "அப்பாவா? நல்லதாப் போச்சு. இனாஸ், அந்த மணிக்கப்புறம் நிலையா இருக்கா. இவர் நெஞ்சுல வெச்சு உக்கார வைக்கலாமே. கங்காரு மாதிரி."

"இன்னைக்கேவா டாக்டர்? மறந்ததுக்கு அப்புறம்?"

"அதனாலதான். உடம்புச் சூட்டுல மூச்சு சீராகும், உனக்குத் தெரியாததா. வேண்டாம்னு சொல்றது நர்ஸா, அண்ணியா?"

இனாஸ் யோசித்துப் பார்த்தாள். "அண்ணி" என்று ஒப்புக்கொண்டாள்.

"அப்ப நான் கேக்கத் தேவையில்ல."

ரகப்புக்குப் பேச்சு புரிந்ததும் ஒரு அடி பின்னால் போனான். "நானா? அம்மாதானே செய்யணும் அதெல்லாம்?"

"அம்மாவுக்கு ஜலதோஷம். உங்களுக்கு நெஞ்சு இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா..."

"குளிக்கணும். சோப்புப் போட்டு, ரெண்டு தரம். டீசல் வாடை ஒரு துளி இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

சமாஹ் இதற்குள் போனில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். தஃபீதாவின் குரல் போனைத் தாண்டி வராண்டாவில் கேட்டது. "ஆம்பளை அடைகாக்கறதா? இஸ்பத்ல தெரிஞ்சா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் அத்தை" என்றான் ரகப் போனை வாங்கி. "என் படகுல பாதிப் பேரு கோழியை விட மோசம்."

குளித்து வந்தவனை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். சட்டைப் பொத்தான்களைத் திறந்தான். வெயிலிலும் உப்பிலும் காய்ந்த நெஞ்சு, நடுவில் முடிக்காடு. நிஸ்மாவும் இன்னொரு நர்ஸும் ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து, குழந்தையைத் தூக்கி, தவளைபோல் கால் மடக்கி அவன் நெஞ்சில் வைத்தார்கள். மேலே துணி போட்டு இறுக்கக் கட்டினார்கள். இனாஸ் மூன்றடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரகப்பின் முகத்தில் ரத்தமே இல்லை. புயலில் படகை இழுத்து வந்தவன், மூச்சு விடவே பயந்தான்.

"நீங்க மூச்சு விடணும்" என்றாள் நிஸ்மா. "உங்களைப் பாத்துத்தான் அவ கத்துக்கணும்."

விட்டான். நெஞ்சு ஏறியது, குழந்தையும் ஏறினாள். இறங்கியது, இறங்கினாள். முதலில் மானிட்டரில் எண் தடுமாறியது. இனாஸின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பிறகு எண் ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. இதயத் துடிப்பு ஓடுவதை விட்டு நடக்கத் தொடங்கியது. இத்தனை நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தவள், நெஞ்சு முடியில் ஒரு கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

"வலிக்குதா?" என்று நிஸ்மா கேட்டாள்.

"வலிக்குது. எடுக்காதீங்க." பிறகு, உதட்டை அசைக்காமல்: "கால் மரத்துப்போச்சு. அதுவும் இருக்கட்டும்."

கண்ணாடிக்கு வெளியே சமாஹ் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்தபடியே இனாஸைப் பார்த்து, கையைக் கண்ணாடியில் வைத்தாள்.

இனாஸ் அருகே போய்ப் பார்த்தாள். ஒரு மாமி பார்க்கிற மாதிரி இல்லை, நர்ஸ் பார்க்கிற மாதிரியும் இல்லை. குல்லாயை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, ஃபிக்ரியின் மோவாயை நன்றாகவே பார்த்தாள்.

இந்தப் பிரிவில் அவள் வெள்ளைத் துணியில் சுற்றித் தகப்பன்மார் கையில் கொடுத்த குழந்தைகளும் உண்டு. அந்த நாட்களில் வீட்டுக்குப் போய்ச் சுத்தமாக இருக்கும் பாத்திரங்களையே மறுபடி தேய்ப்பாள். ஃபிக்ரி எதுவும் கேட்க மாட்டான். நாளையோ மறுநாளோ இன்னொரு மணி அடிக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் இன்று இது நடந்தது. இதை யாரும் திருப்பி எடுக்க முடியாது.

*

பகல் டியூட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் இனாஸ் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்து உட்கார்ந்தாள். நிஸ்மா எதிரே தன் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"இன்னைக்கு நல்லா செஞ்ச" என்றாள் இனாஸ். "நான் திரும்பாம இருந்தது உன்னாலதான்."

நிஸ்மா தலை நிமிரவில்லை. "மிஸ், ஒண்ணு சொல்லணும். வேற யாருக்கும் முன்னாடி உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன்."

"கல்யாணமா?"

"இல்ல. குவைத்ல வேலை கெடைச்சிருக்கு. பெருநாள் முடிஞ்சதும் கெளம்பறேன்."

இனாஸ் காலைக் கீழே இறக்கினாள். இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களை வரிசையாக நிறுத்தினால் இன்னொரு பிரிவையே நடத்தலாம். ஒவ்வொரு முறையும் சந்தோஷப்பட்டு, கேக் வாங்கி வெட்டி, மறுநாள் இருக்கிறவர்களுக்குள் குழந்தைகளைப் பங்கு போட்டிருக்கிறாள். இந்த முறை முதலில் கேள்விதான் வந்தது.

"நல்ல எடமா?"

"ஒரு நர்ஸுக்கு ரெண்டு குழந்தைதானாம் மிஸ். அதுக்கு மேல குடுக்க மாட்டாங்களாம்."

"ரெண்டா" என்றாள் இனாஸ். அதைச் சொன்ன விதத்தில் பொறாமை இருந்தது; மறைக்கவும் இல்லை. எழுந்து நிஸ்மாவைக் கட்டிக்கொண்டாள். "போ. போய்ச் சேரு. இங்க நான் பாத்துக்கறேன்."

நிஸ்மா விலகவில்லை. அவளுடைய தோளுக்குள்ளிருந்தே சொன்னாள்.

"அங்க தலைமை நர்ஸ் எடமும் காலியா இருக்கு. யாரையாவது தெரியுமான்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"நிஸ்மா."

"கோவப்படாதீங்க மிஸ். குடும்பத்தோட வரலாமாம். யும்னாவுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. நாளைக்கு உங்களைக் கூப்பிடுவாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஆனா கேட்டுட்டுச் சொல்லுங்க."

வாசலில் ஃபிக்ரி மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தான். கையில் வார்னிஷ் கறை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாம் கேள்விப்பட்டேன். சமாஹ் போன் பண்ணினா. ரகப்பைக் கோழியாக்கிட்டியாமே. சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் பேச்சே வரல. எத்தனை நாளாச்சு அவ சிரிச்சு."

இனாஸ் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா" என்றான், வண்டியை உதைத்தபடி. "அவ புள்ள நடந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் அண்ணி ஒரு நாள்கூட லீவு போடக் கூடாதாம். கண்டிப்பாச் சொல்லச் சொன்னா."

வண்டி ஆற்றங்கரைச் சாலையில் திரும்பியது. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. காற்று அவள் தலைத்துணியை இழுத்தது.

"என்ன, பேச்சே காணோம்?"

"ஓட்டுங்க" என்றாள். "சொல்றேன்."

பாலம் வந்தது. மேசைக்கடைகளின் தெரு வந்தது. வீட்டு வாசலில் வண்டி நின்று, அவன் இறங்கிச் சாவியை உருவும்வரை அவள் சொல்லவில்லை.